முப்பத்தாறு மூக்குகள்

முப்பத்தோராவது மூக்கை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். புதிதாக அப்பிய காகிதக் கூழ் ஈரமாக இருந்ததால் சொன்னபடி கேட்டது. இரண்டு விரலால் மூக்குத் தண்டைப் பிடித்து ஒரு இழுப்பு, கட்டைவிரலால் நுனியில் ஒரு அழுத்து. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மூன்று வாரம் பிசைந்து கொண்டுவந்திருந்த உருளைக்கிழங்கு, மூக்காகிவிட்டது.

சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் காவலாளியையும் என்னையும் தவிர யாரும் இல்லை. ஓவிய அறை என்று பலகை மாட்டிய அந்த அறையில் பாதி இடம் விளையாட்டு வாத்தியாருடையது. காற்றுப் போன பந்துகள், கிழிந்த வலை, உயரம் தாண்டும் கம்பம். மீதிப் பாதியில், இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, முப்பத்தாறு முகமூடிகளை மல்லாத்தி வைத்திருந்தேன். பலூனை ஊதி, செய்தித்தாளைக் கிழித்துப் பசையில் நனைத்து அதன்மேல் மூன்று அடுக்கு ஒட்டி, காய்ந்ததும் பலூனை உடைத்துப் பாதியாக வெட்டினால் முகம். அதில் கண்ணுக்கு ஓட்டை. கூழில் மூக்கு, உதடு, காது. பிறகு வண்ணம். இதற்கு நான் வைத்திருந்த தலைப்பு, ‘எங்கள் வீட்டில் ஒருவர்’. அம்மாவோ அப்பாவோ அண்ணனோ, வீட்டில் யாரையாவது நன்றாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து செய்ய வேண்டும்.

பார்த்துவிட்டு வந்துதான் செய்திருந்தார்கள். அது எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. காது கழுத்துக்குப் போயிருந்தது. மூக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிள்ளைகள் செய்ததை அப்படியே விட எனக்கு வராது. பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு பிள்ளை வரைந்த மரத்துக்கு ஒரே ஒரு கிளை போட்டுக் கொடுப்பேன். கிளை போட்டபின் நிழல் போடாமல் இருக்க முடியாது. நிழல் விழுந்தபின் தண்டு மெலிந்து தெரியும். மணி அடிக்கும்போது அந்தத் தாளில் பிள்ளையுடையது பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். பள்ளிகளுக்கு இடையிலான ஓவியப் போட்டிக்குத் தாள்களை அனுப்புவதும் நான்தான். பத்து முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளோர் பிரிவில் இதுவரை எனக்குப் பதினான்கு முதல் பரிசு கிடைத்திருக்கிறது. என் வயது நாற்பத்தேழு.

பெரியவர்கள் பிரிவில் எதுவும் கிடைத்ததில்லை. இருபத்தாறு வயதில் ஒரு கண்காட்சி வைத்தேன். ஏழு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அவர்கள்தான் அதிக நேரம் நின்று பார்த்தார்கள்.

போன் அடித்தது. மனைவி.

“ஏங்க, சாப்பிட வருவீங்களா, இல்ல அந்தப் பசையையே குடிச்சிட்டு வருவீங்களா?”

“இன்னும் அஞ்சு மூக்குதான். முடிச்சிட்டு வந்துடறேன்.”

“பசங்க செஞ்சதுல எதுக்கு நீங்க கை வைக்கறீங்க?”

“நாளை மறுநாள் மேடம் பாக்கப்போறாங்க. உனக்குத் தெரியாதா?”

“தெரியும், தெரியும். என்னை ஒருதரம் வரைஞ்சீங்களே, அந்த மாதிரி ஆக்கி வெச்சிடாதீங்க.”

கல்யாணமான புதிதில் அவளை ஆளுயரத்துக்கு வரைந்து கூடத்தில் மாட்டினேன். வருகிறவர்கள் எல்லாரும், இது உங்கள் அண்ணனா என்று என்னைக் கேட்டார்கள். அவள் ஒரு வார்த்தைதான் சொன்னாள்: “உங்க மூஞ்சிக்குக் கம்மல் போட்டு விட்டிருக்கீங்க.” படம் இப்போது பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. அவளுக்குக் கலை தெரியாது என்று பதினேழு வருடமாக நம்பி வந்தேன்.

மேடம் என்றது தலைமையாசிரியையை. இரண்டு வாரத்துக்கு முன்னால் கூப்பிட்டு விட்டிருந்தார்.

“சார், கணக்கு சார் ஏழாங்கிளாஸுக்கு வாரத்துல ரெண்டு பீரியட் கூடுதலாக் கேக்கறார். உங்ககிட்ட ரெண்டு இருக்கு.”

“மேடம், என்கிட்ட இருக்கறதே அந்த ரெண்டுதான்.”

“அதான் உங்ககிட்ட கேக்கறேன். ரெண்டு வாரம் கழிச்சுத் திங்கக்கிழமை பெத்தவங்கல்லாம் வர்றாங்க. உங்க வேலையையும் வைங்க. பாத்துட்டு நாலு பேர், இது வேணும்னு சொன்னா இருக்கட்டும். இல்லேன்னா கணக்குக்குக் குடுத்துடலாம். அடுத்த வருஷம் ஆறும் எட்டும் அப்படித்தான்.”

ஆறும் ஏழும் எட்டும் போனால் மீதி இருப்பது ஓவிய அறை என்ற பலகைதான். அதை எழுதியதும் நான்தான், நன்றாகவே எழுதியிருக்கிறேன். ஆனால் பலகைக்குச் சம்பளம் தரமாட்டார்கள். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் காயவைத்து வண்ணமும் நானே அடித்துவிட்டேன்.

முப்பத்திரண்டாவதாகக் கையில் வந்தது குருவியின் முகமூடி. வகுப்பில் அந்தப் பெண்ணை எல்லாரும் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். கொத்திக் கொத்தி வேலை செய்யும், பேசினால் ஒரு வார்த்தை. அது செய்திருந்த மூக்கு நடுவில் இருந்து இடது பக்கமாக ஒரேயடியாகத் திரும்பி, கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. போன வாரமே சொல்லியிருந்தேன், “கோணலா இருக்கு பாரும்மா” என்று. “ஆமா சார்” என்றது. சொன்னால் ஒப்புக்கொள்கிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அதை நேராக்க மற்றவற்றைவிட அதிகக் கூழ் பிடித்தது. முடித்தபின் தூரத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கே ஒரு பெருமிதம் வந்தது.

திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பெரிய கூடத்தில் பெற்றோர்கள் கூடினார்கள். சுவரில் வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை முகமூடிகள். பெயர் எதையும் முன்பக்கம் எழுதவில்லை. அதுவும் என் யோசனைதான். மைக்கைப் பிடித்து நானே அறிவித்தேன்.

“உங்க பிள்ளைங்க உங்க வீட்டு ஆளுங்களைத்தான் செஞ்சிருக்காங்க. அது எதுன்னு நீங்களே கண்டுபிடிங்க பாக்கலாம்!”

எல்லாரும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. ஒரு அம்மா முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போய் மறுபடி முதலுக்கு வந்தார். ஒரு அப்பா மகனிடம் மெதுவாக, “எதுடா?” என்றார். அவன் உதட்டைப் பிதுக்கினான். பிள்ளைகளும் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

சட்டைப் பையில் சீப்பு வைத்திருந்த ஒருவர் மட்டும் நகரவில்லை. குருவி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் முகமூடிகளை நேராகப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பக்கவாட்டில் போய் ஒரு வரிசையை முழுக்கப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“சார், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க.”

ஏன் என்று கேட்காமல் திரும்பினேன். அவர் சொன்ன விதம் அப்படி.

“இந்தப் பக்கம்.”

திரும்பினேன்.

“நீங்கதான் சார் இது.”

“எது?”

“எல்லாமேதான். தப்பா எடுத்துக்காதீங்க. நான் சலூன் வெச்சிருக்கேன். ஒரு நாளைக்கு இருபது மூஞ்சியைக் கண்ணாடியில பாக்கறவன். இந்த மூக்கு, மூக்குக்குக் கீழ இந்தப் பள்ளம், உங்களோடதுதான்.”

“அட, ஆமா!” என்றார் ஒரு அம்மா. “அதான் எங்கேயோ பாத்த மூஞ்சியா இருக்கேன்னு பாத்தேன்.”

“அப்ப என் பையன் என்னைச் செய்யலையா? வாத்தியாரைத்தான் வீட்டு ஆளுன்னு நினைச்சிட்டானா?”

“என் பொண்ணு செஞ்சதுல நீங்க பொட்டு வெச்சிக்கிட்டு இருக்கீங்க சார்.”

கூடம் சிரித்தது. சுவரில் முப்பத்தாறு பேர், கீழே நான் ஒருவன், ஒரே மூக்கோடு நின்றோம். மூக்கைக் கையால் மறைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன்.

தலைமையாசிரியை கெட்டிக்காரர். மைக்கை என் கையிலிருந்து வாங்கி, “பாத்தீங்களா, பிள்ளைங்களுக்கு சார் மேல அவ்வளவு பிரியம்!” என்றார். பெற்றோர்களின் முகம் மாறியது. ஒருவர் கைதட்டக்கூட ஆரம்பித்தார். வாரத்துக்கு இரண்டு பீரியட் என் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. தலையை ஆட்டினால் போதும். பாதி ஆட்டியும் விட்டேன்.

“எங்க அப்பா இங்க இல்ல சார்.”

குருவி. இவ்வளவு நீளமாக அது பேசி நான் கேட்டதில்லை.

“நான் சரியாத்தான் செஞ்சேன். நீங்ககூட கோணல்னு சொன்னீங்க. நான் ஆமான்னேன்.”

அப்போதுதான் அந்த சலூன்காரரின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்தாரே தவிர நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் மூக்கு நடுவில் இருந்து இடது பக்கமாக ஒரேயடியாகத் திரும்பிக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நான்தாங்க திருத்தினேன்,” என்றேன். “இதை மட்டுமில்ல. எல்லாத்தையும். சனிக்கிழமை உக்காந்து.”

தைரியம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். முகம் பார்க்கத் தெரிந்த ஒருவர் இரண்டடி தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணெதிரே பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். “பிள்ளை செஞ்சதைப் பாக்கத்தானே லீவு போட்டு வந்தேன்? உங்க மூஞ்சியைப் பாக்கவா?” அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. தலைமையாசிரியை மைக்கை அணைத்தார்.

குருவி யாரையும் பார்க்கவில்லை. முகமூடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, மூன்றாவது வரிசையில் பின்னால் தன் பெயர் இருந்ததைக் கழற்றிக்கொண்டு வந்தது.

“தண்ணி வெச்சா ஊறும்னு சொன்னீங்களே சார்.”

“ஊறும்மா. ஆனா பெயிண்ட் போயிடும்.”

“அது உங்க பெயிண்ட்தானே?”

வாளியில் தண்ணீர் கொண்டுவந்தேன். குருவியின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் பக்கத்து மேசையில் சீப்பை எடுத்து வைத்தார். குருவி ஈரத் துணியை மூக்கின் மேல் வைத்துக் காத்திருந்தது. நான் அப்பிய கூழ் முதலில் இளகியது. அதைக் குருவி விரலால் வழித்துத் தரையில் போட்டது. அதற்குக் கீழே குருவி செய்த மூக்கு கொஞ்சம் நசுங்கி, ஆனால் இடது பக்கமாகவே இருந்தது. ஒரு கையால் அப்பாவின் மூக்கைத் தடவிக்கொண்டே மறுகையால் முகமூடியை அழுத்தியது.

“மெதுவா,” என்றார் அவர். “ஒருதரம் உடைஞ்ச மூக்கு.”

“எப்படிங்க?” என்றேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டேன் சார். மொத நாள் பளபளன்னு நானே துடைச்சு வெச்சேன். கதவு இருக்கறதே தெரியல. நேரா நடந்துட்டேன்.”

அவரே சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. எனக்கு இருந்த வேலை துணி பிழிந்து கொடுப்பது மட்டும்தான்.

அதற்குள் ஒரு பையன் தன் முகமூடியைக் கழற்றிவிட்டான். பிறகு இரண்டு பேர். லீவு போட்டு வந்தவரும் முணுமுணுத்துக்கொண்டே மகனுக்கு எதிரில் உட்கார்ந்தார். “எனக்கு எங்கடா இவ்வளவு பெரிய காது?” என்று அவர் கேட்க, “கண்ணாடியில பாருங்கப்பா,” என்றான் அவன். ஐந்து மணிக்குப் பதினாறு பேர் தங்கள் மூக்கைத் திரும்ப வாங்கியிருந்தார்கள். ஊறியது அதிகமாகி இரண்டு முகங்களின் தாடை கழன்றுபோனது. கூடத்தின் தரையில் கூழும் சிவப்புத் தண்ணீரும்.

சலூன்காரர் போகும்போது தலைமையாசிரியையிடம், “இந்த வகுப்பு வாரத்துல என்னைக்கு மேடம்?” என்று கேட்டார்.

“இருக்கான்னு நாளைக்குச் சொல்றேங்க,” என்றார் அவர். பிறகு என்னிடம் திரும்பி, “இதை யாரு கழுவறது?”

“நான் மேடம்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கஷ்டப்பட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“பதினேழு வருஷமா நான் சொல்றது காதுல ஏறல. சலூன்காரர் சொன்னாத்தான் ஏறுமா?”

“அவருக்கு முகம் தெரியும்.”

“எனக்கு உங்க முகம் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு, பீரோவின் பக்கம் பார்த்துச் சிரித்தேவிட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. எட்டு மணிக்கே போய்க் கூடத்தைக் கழுவினேன். இரண்டு இடத்தில் சிவப்புக் கறை போகவில்லை. ஒன்பது மணிக்குப் புதிய கால அட்டவணை ஒட்டினார்கள். ஏழாம் வகுப்புக்கு ஓவியம் ஒரு பீரியட், வெள்ளிக்கிழமை கடைசி. மற்றொன்று கணக்கு. கணக்கு வாத்தியார் வந்து நன்றி சொன்னார். என் மூக்கோடு மிச்சமிருந்த இருபது முகமூடிகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். பத்தொன்பது பேர் வாங்கிக்கொண்டார்கள். ஒன்று அறையில் இருக்கிறது, வலைக்குப் பக்கத்தில். மதியம் ஓவியப் போட்டிக்கான சுற்றறிக்கை வந்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். பிறகு எட்டாம் வகுப்பு. நாற்காலி வரையச் சொன்னேன். இரண்டாவது மேசையில் இருந்த பெண் வரைந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. பென்சில் என் கையில்தான் இருந்தது. அடுத்த மேசைக்குப் போனேன். மூன்று ஐம்பதுக்கு மணி அடித்தது.