அத்தையின் கருப்புக் கம்பளி

என் முன்னால் ஓர் உரச்சாக்கு இருக்கிறது. வாயைச் சணல் கயிற்றால் இறுகக் கட்டியிருக்கிறோம். உள்ளே என் மாமியாரின் கருப்புக் கம்பளி. அத்தை போய் ஓராண்டு ஆகப்போகிறது. "துவைச்சு யாருக்காவது குடுத்துரு" என்று என் கணவர் நேற்றுதான் சொன்னார். நான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

மறையூர் வெயிலில், வெல்லம் காய்ச்சும் கொட்டகைப் புகையில் வளர்ந்தவள் நான். அங்கே ஒரு தும்மல் போட்டதாக நினைவில்லை. கல்யாணமாகி மூணாறுக்கு மேலே இந்த எஸ்டேட்டுக்கு வந்து, தொழிற்சாலையில் தேயிலைத்தூள் சலிக்கும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு பிடித்துக்கொண்டது. கண் விழித்ததும் வரிசையாகத் தும்மல். பிறகு புருவத்துக்கு மேலே பாறாங்கல்லை வைத்தது போல வலி. குனிந்து குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட முடியாது. மெல்ல மெல்ல வாசனையும் போயிற்று; குழம்பு அடிப்பிடித்தால் பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டுச் சொல்வார்கள். இது ஆளைச் சாகடிக்கிற வியாதி இல்லை, அதனால் யாரும் பரிதாபப்படுவதும் இல்லை. சளிதானே என்பார்கள். எனக்கோ வாழ்க்கையே அலுத்துப்போயிருந்தது.

பரிதாபப்பட்டவர் அத்தை ஒருவர்தான். வேலை முடிந்து வந்தால் தைலமரத் தழை போட்ட தண்ணீர் அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். பானையை என் முன்னால் இறக்கி, தன் கம்பளியால் என்னை மூடி, ஓரங்களைக் காலால் மிதித்துக்கொள்வார். "நல்லா இழு தாயி, மண்டைக்குள்ள இருக்க தூசியெல்லாம் ஓடிரும்." எஸ்டேட்டில் முன்பு தொழிலாளிகளுக்குக் கொடுத்த கம்பளி அது. மாமா அதைப் போர்த்திக்கொண்டுதான் மழையில் வேலைக்குப் போவாராம். அவர் இறந்த பிறகு அது அத்தையின் தோளைவிட்டு இறங்கவில்லை. துவைத்தால் அவர் வாசம் போய்விடும் என்று தண்ணீரே காட்டமாட்டார். ஆவி பிடித்து எழுந்தால் கொஞ்ச நேரம் மூக்கு திறக்கும், பிறகு முன்னைவிட மோசமாக அடைக்கும். "பத்தல" என்று மறுநாள் அத்தை இன்னும் ரெண்டு கை தழை போடுவார். வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது.

கடைசியில் டவுனில் ஒரு டாக்டரிடம் போனோம். அத்தையும் துணைக்கு வந்தார், தோளில் கம்பளியோடு. டாக்டர் மூக்கில் அடிக்க ஸ்பிரே எழுதினார், வேலையை மாற்றிக் கேட்கச் சொன்னார். பிறகு அத்தையின் தோளைப் பார்த்து, "ஈ கம்பிளி வீட்டிலுண்டோ எப்போழும்?" என்று மலையாளத்தில் கேட்டார், இந்தக் கம்பளி எப்போதும் வீட்டில்தான் இருக்குமா என்று. அத்தை பெருமையாகச் சொன்னார்: "இதுக்குள்ள வச்சுத்தான் சார் புள்ளைக்கு ஆவி புடிக்கிறோம்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை வருஷத் தூசியும் அதில்தான் இருக்கிறது, முதலில் அதை வீட்டைவிட்டு அனுப்புங்கள் என்றார்.

தூக்கிப் போடுங்கள் என்று எந்த முகத்தோடு நான் சொல்வேன்? வீட்டுக்கு வந்ததும் அத்தை பாயைச் சுருட்டிக் கம்பளியோடு பின்பக்கத்து விறகுச் சாய்ப்புக்குப் போனார். "அத்தே, பனி கொட்டும், வேணாம்" என்று கையைப் பிடித்தேன். "இது இல்லாட்டி எனக்கு ஒறக்கம் வராது. இது இருந்தா ஒனக்கு மூச்சு வராது. வேற என்ன செய்ய? போயி படு" என்றார். கோபமில்லை, அலுப்பாகத்தான் சொன்னார். என் கணவர் தகரம் அடித்துத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார். கடைசிவரை அங்கேதான் படுத்தார். வீட்டுக்குள் வருவதற்கு முன் கம்பளியை வெளி ஆணியில் மாட்டி, சேலையை நன்றாக உதறிக்கொள்வார். நான் வேலையும் மாறி, பாதி மூச்சாவது விட ஆரம்பித்தேன். வாசனை மட்டும் திரும்பி வரவில்லை.

விடுமுறைக்கு வந்திருக்கும் மகள் சாக்கின் கயிற்றை அவிழ்த்தாள். நான் துண்டை இறக்கிவிட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. மகள் கம்பளியில் முகம் புதைத்து அழுதுவிட்டாள்.

"அப்பிடியே ஆச்சி வாசம்மா. தைலத் தழையும் பொகையும்... ஒனக்குத் தெரியுதா?"

"தெரியுது" என்றேன். அதற்குள் தும்மல் ஆரம்பித்துவிட்டது. அவசரமாகச் சாக்கைக் கட்டச் சொன்னேன்.

"அப்பா கேட்டா என்ன சொல்ல?"

"துவைக்கக் கூடாதுன்னு சொல்லு."