கை காட்டினால் நிற்கும் பஸ்

படிக்க வந்த வெளிநாட்டில், பக்குரங்கா என்ற புறநகரின் கடைத்தொகுதிக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்கிறேன். இன்று காலை நகரத்துப் பல்கலைக்கழகத்தில் என் முதல் ஆய்வுக் கட்டுரையை வாசிக்க வேண்டும். என் பஸ் வருகிறது. வேகம்கூடக் குறையாமல் போய்விடுகிறது. அடுத்ததும் அப்படியே.

என் 'ஐயோ'வைக் கேட்டு, பெஞ்சில் காய்கறிப் பையோடு இருக்கும் பெண் திரும்புகிறார்.

"தமிழோ? ஏன் பிள்ளை கை காட்டேல்லை? போட்டோவுக்கு நிக்கிற மாதிரியெல்லோ நிண்டனீர்!"

"ஸ்டாப்புலதானே நிக்கிறேன், அக்கா. தானா நிக்காதா?"

"நீர் ஏறப்போறீரோ, காத்து வாங்குறீரோ எண்டு டிரைவருக்கு எப்பிடித் தெரியும்? கையை நீட்டும்!"

எனக்குக் கை எழவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஊரில் இலவசப் பாஸ் பிள்ளைகளைக் கண்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்காது. எவ்வளவு கை காட்டினாலும் தள்ளிப்போய்த்தான் நிற்கும், பின்னாலேயே ஓட வேண்டும். இனி எந்த பஸ்ஸுக்கும் கை காட்டுவதில்லை என்று கல்லூரியில் சேர்ந்த அன்றே முடிவெடுத்திருந்தேன்.

மூன்றாவது பஸ் தெரிகிறது. இதையும் விட்டால் கட்டுரை வாசிக்க முடியாது. கையை நீட்டுகிறேன்.

பஸ் சரியாக என் முன்னால் வந்து நிற்கிறது. டிரைவர் ஏதோ பொத்தானை அழுத்த, ஏறத் தோதாக வாசல் பக்கம் என்னை நோக்கிச் சாய்ந்து தாழ்கிறது. ஏறப்போவது நான் ஒருத்திதான். நன்றி சொல்லத் திரும்புகிறேன், கண் நிறைந்துவிடுகிறது.

"முதல்ல ஏறும், பிள்ளை," என்கிறார் அக்கா. "அழுறதெண்டா உள்ளுக்க இருந்து அழும்."