கண்ணாடி பீரோவில் ஒரு பொம்மை

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கம் சாலையில் ஒரு நர்சிங் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். ஊசி குத்திப் பழக நாற்பது மாணவிகளுக்கு ஒரே ஒரு ஆளுயரப் பொம்மை. குத்தினால் கெட்டுவிடும் என்று அதைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தோம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம். ஆய்வுக்கு ஆள் வந்தால் தூசி தட்டி வெளியே எடுப்போம்.

மாணவிகள் ஒவ்வொருவரும் பத்து முறை டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், நான் பக்கத்தில் நின்று பார்த்து ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நானோ பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு, டீ குடித்துக்கொண்டே மொத்தமாகப் போட்டுத் தள்ளுவேன். இந்த லட்சணத்தில் பாடத்திட்டத்தை மேம்படுத்தும் குழுவில் வேறு இருந்தேன். அங்கே நான் சொன்ன ஒரே யோசனை, பத்தைப் பதினைந்தாக்கலாம் என்பது.

அந்த வருஷம் சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை பக்கம் முதலுதவி முகாம் போட்டோம். மத்தியான வெயிலில் ஒரு அம்மா மயங்கி விழுந்தார். டிரிப்ஸ் ஏற்றச் சொல்லி டாக்டர் கடைசி வருஷ மாணவி ஒருத்தியிடம் ஊசியைக் கொடுத்தார். அவள் அதை அப்படியே தட்டில் திரும்ப வைத்துவிட்டாள். இதுவரை ஒரு தடவைகூடப் போட்டதில்லை என்றாள். டாக்டரே போட்டுவிட்டு, மறுநாள் பள்ளிக்குப் புகார் அனுப்பினார்.

முதல்வர் மேடம் என்னையும் அந்த மாணவியையும் கூப்பிட்டு, அவள் நோட்டை விரித்து வைத்தார். பத்து வரி, பத்து கையெழுத்து.

"சார் கையெழுத்த நானே போட்டுக்கிட்டேன்னு எழுதிக் குடுத்துடும்மா. உனக்குப் பரீட்சை ஆறு மாசம் தள்ளிப் போவும், அவ்ளோதான். இல்லன்னா மொத்த பேட்ச்சுக்கும் ஹால் டிக்கெட் வராது."

அவள் பேனாவைக் கையில் எடுத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"என் கையெழுத்த யாராலயும் போட முடியாது மேடம். எனக்கே ஒரு தடவ மாதிரி இன்னொரு தடவ வராது" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

"நான்தான் போட்டேன். பாக்காமயே போட்டேன். எல்லாருக்கும்."

மேடம் நோட்டை மூடினார். பிறகு மூன்று வாரம் கெடு கொடுத்தார். நாற்பது பேரும் நிஜமாகச் செய்து முடித்தால்தான் ஹால் டிக்கெட்.

பீரோவைத் திறந்தோம். இத்தனை வருஷம் சும்மா இருந்ததில் பொம்மையின் ரப்பர் கை இறுகி, ஊசியே இறங்கவில்லை. முதல் நாளே வார்டு நோயாளியிடம் அனுப்ப மனசு வரவில்லை. என் கையை நீட்டினேன்.

அவள்தான் முதலில் வந்தாள். இரண்டு தடவை தவறி, கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியது. மூன்றாவது தடவை நரம்பு கிடைத்தது. அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. புது நோட்டை நகர்த்தி வைத்தாள்.

"இப்ப பாத்தீங்க இல்ல சார்? போடுங்க."

போட்டேன். பிறகு வார்டிலும் பழகி, மூன்று வாரத்தில் எல்லோரும் முடித்தார்கள், அவளுக்கும் ஹால் டிக்கெட் வந்தது. எனக்குத்தான் அந்த வீக்கம் வற்றியும் நிம்மதி வரவில்லை. அதற்கு முந்தைய வருஷங்களில் என் கையெழுத்தோடு வெளியே போனவர்கள் எந்தெந்த ஊரில், யார் கையில் முதல் தடவை குத்திப் பார்த்தார்களோ.