வெர்னாவின் பிஸ்கட் டப்பா

"இந்த ஆத்தங்கரையில என் கதவத் தட்டின சொந்தம் எதுவும் வெறுங்கையோட போனதில்ல. நான் இருக்கறவரைக்கும் போகவும் போகாது."

வெர்னா இதைச் சொன்னது ரக்பி மைதானத்தில், கையில் கங்காரு வால் குழம்போடு. மறுத்துப் பேச ஆளில்லை. பாதிப்பேர் வாயில் அந்தக் குழம்புதான் இருந்தது.

டாக்டர் எங்கள் ஊருக்கு ஒரு வியாழன் விட்டு மறு வியாழன் வருவார். வெர்னாவுக்கு விடுமுறையே கிடையாது. மருந்துக்கடை அவருக்கு வாராவாரம் நாளுக்கொரு குழியாகக் கிழமை போட்ட அட்டையில் மாத்திரை அனுப்பும். அவர் கத்தரியால் வெட்டி, திங்களைச் சித்தப்பாவுக்கும் செவ்வாயைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுப்பார். மிச்சம் பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். யாருக்கு எந்த வியாதி, அது எந்தத் தாத்தாவிடமிருந்து வந்தது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. சந்தேகம் வந்தால் டாக்டரே அவரைத்தான் கேட்பார்.

தம்பி லெஸ்லிக்குத் தலை கனத்தது. தன் அட்டையிலிருந்து நாலு நாள் ரோஸ் மாத்திரை கொடுத்தார் வெர்னா. சனிக்கிழமை ஆட்டத்தில் எல்லைக்கோட்டு நடுவரான லெஸ்லி, கொடியைத் தூக்கியவர் அப்படியே சாய்ந்தார். அது என்ன தீர்ப்பு என்று இரண்டு அணியும் சண்டைக்கு நின்றன.

கிளினிக்கில் வேலை பார்க்கும் டானியா, வெர்னாவின் தங்கை மகள், லெஸ்லியின் அட்டையையும் வெர்னாவின் அட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"பெரியம்மா, மாமாவோடது வெள்ளை, உங்களோடது ரோஸ். கலர்தான் வேற, மருந்து ஒண்ணுதான். பிரஷர் மாத்திரைய ரெட்டிப்பா முழுங்கியிருக்காரு. இன்னொரு தடவன்னா கிட்னி தாங்காது."

"தம்பி கேட்டான், குடுத்தேன். இல்லன்னு சொல்லி அனுப்ப நான் என்ன கவர்மென்ட் ஆபீஸா?"

"அவருக்கு பிரஷர் எறங்கிப்போச்சு, உங்களுக்கு எகிறுது. உங்க மாத்திரைய நீங்க எப்பதான் சாப்பிட்டீங்க?"

வெர்னா தன் அட்டையை எடுத்துக் கிழமைகளை எண்ணினார்.

அடுத்த புதன்கிழமை லெஸ்லி வெர்னா வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அக்கா, மறுபடி தலை கனக்குது. அந்த ரோஸ் ஒண்ணு எடு. டானியாகிட்ட மூச்சு விடமாட்டேன்."

வெர்னா அட்டையை எடுத்தார். புதன்கிழமையைப் பிதுக்கினார். லெஸ்லி கையை நீட்டினார். வெர்னா மாத்திரையைத் தன் வாயில் போட்டு, தேநீரைக் குடித்து முழுங்கினார்.

"இல்ல," என்றார்.

"என்னது?"

"இல்லன்னேன். கிளினிக் தெறந்திருக்கு. வண்டியில ஏறு."

சாவியைத் தேடும் சாக்கில் வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டார். லெஸ்லி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தார்.