பேர் வைக்காத பட்டன்

பரிமளா திரையை விரலால் தடவினாள். "படம்," என்றது, தொடுவதைப் படித்துச் சொல்லும் அவள் போன். இன்னும் கொஞ்சம் கீழே தடவினாள். "பட்டன்." பிறகு, "பட்டன்." அதற்கும் கீழே, "பட்டன்." எது சங்கரா மீன், எது விலையைக் கூட்டுவது, எது விலகிக்கொள்வது, ஒன்றையும் சொல்லவில்லை. சுற்றிலும் ஆட்கள் நிற்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கரையில் அலைச் சத்தம் மட்டும்தான். ஏலம் நடந்துகொண்டிருந்தது.

நெம்மேலிக்குத் தெற்கே இருக்கும் அந்தக் குப்பத்தில் மீன் ஏலம் என்றால் காது கிழியும். ஏலக்காரர் கண்ணாயிரம் கூடைக்கு முன்னால் நின்று விலையைக் கூவுவார். பெண்கள் ஏற்றுவார்கள், ஏசுவார்கள், இடித்துத் தள்ளுவார்கள். மணல்வாரி அம்மையில் சின்ன வயதிலேயே பார்வை போன பரிமளாவுக்கு அந்தச் சத்தம் போதும். செங்கல்பட்டில் விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தவள், மாயவனைக் கட்டிக்கொண்டு வந்தபின் மீன் விற்கக் கிளம்பினாள். அவன் கடலுக்குப் போனான், அவள் கூடையோடு திருப்போரூர் பஸ் ஏறினாள். ஏலத்துக்கு முன் செவுளைத் தொட்டுப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், பிறகு தொண்டையைத் திறப்பாள். குருடி என்று யாரும் அவளுக்கு விட்டுக்கொடுத்ததில்லை. அதே திருப்போரூர்த் தெருக்களில் விற்கும் ஆராயி ஒரு ரூபாய்கூட விட்டதில்லை. பரிமளாவுக்கு அதுதான் பிடித்திருந்தது.

ஆடி பிறந்ததும் படகுக்காரர் சங்கம் ஏலத்தை வெப்சைட்டுக்கு மாற்றியது. சென்னை ஓட்டல்காரர்களும் இருந்த இடத்திலிருந்தே விலை கேட்கலாம். மீனுக்கு நல்ல விலை கிடைத்ததில் மாயவனுக்கும் சந்தோஷம்தான். கண்ணாயிரத்தின் தொண்டைக்கு ஓய்வு. பரிமளா சங்கத் தலைவர் ஜெயக்குமாரிடம் போனாள்.

"அண்ணாத்த, என் போனு பேசுது. உங்க வெப்சைட்டுதான் ஊமையா கீது."

"பக்கத்துல ஆராயி நிக்கிறால்ல? அவள அழுத்தச் சொல்லு. இதுகூடவா செய்ய மாட்டா?"

"அவளும் அதே கூடையத்தான் கேக்கறா. என் வெலைய அவகிட்டயே சொல்லிட்டு நான் எப்டி ஏலம் எடுக்கறது? சங்கத் தேர்தல்ல உன் ஓட்ட எதிராளி கைல குடுத்துப் போடச் சொல்லுவியா?"

"அப்ப மாயவன் கைல குடு."

"அவரு அந்நேரம் கடல்ல கீறாரு. உனக்குத் தெரியாதா?"

ஜெயக்குமார் சிரித்தார். பார்க்கலாம் என்றார். யாரும் பார்க்கவில்லை.

ஒரு சாயங்காலம் மாயவன் அவள் விரலைப் பிடித்து வரிசையைக் காட்டினான். மேலே சங்கரா, அதன் கீழே மூன்று பட்டன், நடுவில் இருப்பது விலை கூட்ட. அவள் மனப்பாடம் செய்துகொண்டாள். மறுநாள் வேறொரு படகு முந்தி வந்து, அதன் மீன் திரையில் மேலே ஏறிவிட்டது. வரிசை மாறியது அவளுக்கு எப்படித் தெரியும்? நடுப் பட்டனை அழுத்தினாள். திரும்பவும் அழுத்தினாள். "ஏலம் உங்களுக்கே," என்று போன் மகிழ்ச்சியாகச் சொன்னது.

அவள் எடுத்திருந்தது கோழித் தீவனத்துக்குப் போகிற கழிவு மீன். பெட்டி பெட்டியாக.

"இன்னாடி, கோழிப் பண்ணை வெக்கப் போறியா?" என்றாள் ஆராயி. கரையே சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் பரிமளா அவள் பரம்பரையையே இழுத்திருப்பாள். அன்று பெட்டிகளைத் தடவி எண்ணினாள். விலை கேட்டுத் தோற்றிருந்தால் பதில் வந்திருக்கும், இது பட்டன் தெரியாமல் தோற்றது. ஏலத்தில் எடுத்த மீனை வாங்காவிட்டால் ஏலத்திலிருந்து பேரை நீக்குவது சங்கத்து விதி. பணம் கட்டி எடுத்தாள், தீவன லாரிக்காரன் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டாள், காலிக் கூடையோடு திருப்போரூர் பஸ் ஏறினாள்.

வெப்சைட் செய்த ஹேமந்துக்குப் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஆபீஸ். மனை விற்பவர்களுக்கெல்லாம் அவன்தான் செய்து கொடுப்பவன். பரிமளா கூடையை அவன் நாற்காலியருகே வைத்தாள். போனை மேசைமேல் வைத்துத் தடவினாள். படம். பட்டன். பட்டன். பட்டன்.

"ஐயோ அக்கா, பட்டனுக்கெல்லாம் பேர் குடுக்கல. நீங்கல்லாம் யூஸ் பண்ணுவீங்கன்னு தோணல."

"தோணல. சரி. எப்ப வெப்ப?"

"அடுத்த தடவ மாத்தும்போது பண்ணிடறேங்கா."

"அடுத்த தடவன்னா?"

"ஒரு மூணு மாசம்..."

"அதுவரிக்கும் நான் இன்னா விப்பேன்? கோழித் தீனியா?" அவள் தரையில் உட்கார்ந்தாள். "மூணு மாசம் இங்கியே கீறேன். கூடை நாறும். பரவால்லியா?"

ஹேமந்த் அவளுக்கு டீ வரவழைத்தான். பிறகு தட்டத் தொடங்கினான். டீ ஆறுவதற்குள் போனை நீட்டி, "இப்ப பாருங்க," என்றான். தடவினாள். "சங்கரா, ஒரு கூடை." கீழே, "விலை பார்." அதன் கீழே, "விலை கூட்டு." அதன் கீழே, "விலகு."

"சந்தோஷமாக்கா? ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கலாமா? எல்லாரும் பயன்படுத்தற வெப்சைட்டுன்னு போடலாம்."

பரிமளா டீயைத் தொடவில்லை.

"இவ்ளோதானா வேலை?"

"ஆமாக்கா, சிம்பிள்தான்."

"இத்தினி சின்ன வேலைக்கா ஆடி முழுக்க என்னைக் கரையில நிக்க வெச்ச? பெரிய வேலைன்னு சொல்லியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும்டா." கூடையை எடுத்துக்கொண்டாள். "வீடியோவாம். இன்னொரு தடவ கேளு, கூடைய இங்கியே வெச்சிட்டுப் போறேன்."

மறுநாள் காலை கரையில் சங்கரா வந்தது. பரிமளா விலையைக் கூட்டினாள். பக்கத்திலேயே ஆராயியும் கூட்டினாள். ஏறியது, இன்னும் ஏறியது. திருப்போரூர்த் தெருவில் எந்த விலைக்கு விற்றாலும் கட்டுபடியாகாது என்ற இடத்தையும் தாண்டியது. நேற்றைய எரிச்சல் இன்னும் ஆறவில்லை. விரல் நகர்ந்தது. "விலை கூட்டு," என்றது போன். அழுத்தினாள்.

"அடியே, நஷ்டம்டி!" என்று கத்தினாள் ஆராயி. பல நாள் கழித்துக் கரையில் ஏலச் சத்தம்.

"தெரியும்டி. தெரிஞ்சுதான் அழுத்தறேன்," என்றாள் பரிமளா. "தில்லு இருந்தா ஏத்து."