செய்தி எதிரொலி

தொண்ணூறுகளின் பின்பாதியில் திண்டுக்கல்லில் பெண் நிருபர் என்று நான் ஒருத்திதான் இருந்தேன். கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்குப் போனால், "டீச்சர், பிள்ளைகள வெளிய உக்கார வைங்க" என்பார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள். அது என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்ததோ என்னவோ. அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, "ட்ரெய்னிங் முடிச்சிருந்தா இந்நேரம் நிழல்ல இருந்திருப்ப" என்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பூக்கண்காட்சி, கோலப்போட்டி, மகளிர் தினம் என்று எனக்கு ஒதுக்கிய செய்திகளை விட்டுவிட்டு, முதல் பக்கத்தில் ஏதாவது எழுதிக் காட்ட வேண்டும் என்றிருந்தது.

ஆத்தூர் போகும் வழியில் ஒரு காப்பகம் இருந்தது. மனநிலை சரியில்லாத பெண்களை வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் இடம். உள்ளே அடிக்கிறார்கள் என்று ஊருக்குள் பேச்சு. விசாரிக்கப் போன ஆண் நிருபர்களை வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் சாயம் போன சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, புருஷன் விட்டுவிட்டான் என்று சொல்லிச் சமையலுக்கு ஆளாகச் சேர்ந்தேன். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. புருஷன் விட்டுவிட்டான் என்றால் நம் ஊரில் மேற்கொண்டு எதையும் நம்பிவிடுவார்கள்.

பிறந்த நாள், திதி என்று டவுன்காரர்கள் அங்கே சாப்பாடு போட வருவார்கள். அன்றைக்கு மட்டும் பெண்களுக்குத் தலையில் எண்ணெய், நெற்றியில் குங்குமம், பெட்டியிலிருந்து எடுத்த பூப்போட்ட சேலை. இலை முன்னால் உட்கார்ந்து, வந்தவர்களின் குழந்தைக்கு வாழ்த்துப் பாட்டுப் பாட வேண்டும். போட்டோ எடுத்த பிறகுதான் சோற்றில் கை வைக்கலாம். கார் வாசலைத் தாண்டியதும் சேலைகள் பெட்டிக்குத் திரும்பிவிடும். மறுநாள் தண்ணிக் கஞ்சிதான், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கிடையாது. இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினால் ரப்பர் குழாயால் அடி விழும். என் கண் முன்னாலேயே விழுந்தது. கரண்டியைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருந்தால் அன்றே என்னை வெளியே தள்ளியிருப்பார்கள்.

எனக்குக் காய் நறுக்கிக் கொடுக்க அங்கிருந்த பெண்களில் ஒருத்தியை விட்டிருந்தார்கள். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவர்கள் வீட்டுப் பெண். என்னைவிடச் சில வயது மூத்தவள். பிள்ளை பெற்ற பின் புத்தி தடுமாறியதாம், பிள்ளையும் தங்கவில்லை. புருஷன் அவளை அண்ணன் வீட்டில் கொண்டுவந்து தள்ளினான். அண்ணன் கொஞ்ச காலம் மாட்டுக்கொட்டத்தில் சங்கிலி போட்டு வைத்திருந்துவிட்டு, இங்கே கொண்டுவந்து விட்டார். சில நாள் தனக்குத்தானே பேசிக்கொள்வாள். மற்ற நாட்களில் என்னைவிடத் தெளிவாக இருந்தாள்.

ஒருநாள், "யாரு தாயி நீயி? சமையக்காரி இம்புட்டு உப்பள்ளிப் போடமாட்டா" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

அவள் கத்தரிக்காயைக் கீழே வைத்தாள். "எழுது தாயி, நல்லா எழுது. ஆனா எங்கள வீட்டுக்கு மட்டும் அனுப்பிறக் கூடாது. இங்கன அடிக்கிறாகதேன், இல்லேங்கல. ஆனா பேசிக்கிடப் பக்கத்துல ஆளு இருக்கு. அங்க மாடு மட்டுந்தேன்."

வெளியே வந்து அதையும் எழுதினேன். இந்தப் பெண்களுக்கு வேறு நல்ல இடம் பார்க்காமல் காப்பகத்தில் கை வைக்கக் கூடாது, இவர்களை விட்டுவிட்டுப் போனவர்களிடமே திருப்பி அனுப்பக் கூடாது என்று. படிப்பவர் மனதில் நிற்கட்டுமே என்று அதைக் கடைசிப் பத்தியாக வைத்தேன். பக்கம் தயாரிக்கும் மதுரை டெஸ்க்கில் இடம் போதவில்லை என்றால் கடைசியிலிருந்துதான் வெட்டுவார்கள். அன்று ஒரு நகைக்கடை விளம்பரம் வந்திருந்தது.

முதல் பக்கத்தில் செய்தி வந்தது, கடைசிப் பத்தி இல்லாமல். சாப்பாடு போட்டவர்கள் கொதித்தார்கள், அதிகாரிகள் வேனோடு வந்தார்கள், காப்பகம் இழுத்து மூடப்பட்டது. செய்தி ஆசிரியர் போனில், "பின்னிட்டம்மா!" என்றார். மறுநாள் எங்கள் பத்திரிகையில் கட்டம் கட்டி 'செய்தி எதிரொலி' வந்தது. எந்த நிருபருக்கும் அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. நின்றபடியே படித்தேன். பெண்கள் அனைவரும் உறவினர்களிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்று முடிந்திருந்தது.

கலெக்டர் ஆபீஸுக்கு ஓடினேன். அதிகாரி நிதானமாக இருந்தார். "வீடு இருக்குல்லம்மா? அண்ணன்காரர் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. பிரிஞ்ச குடும்பத்தச் சேத்து வச்சிருக்கோம். இதையும் ஒரு செய்தியாப் போடுங்க."

நிலக்கோட்டைக்குப் பஸ் ஏறி, விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அண்ணன் நாற்காலி எடுத்துப் போட்டார், டீ வாங்கிவரச் சொன்னார். கெட்டவர் மாதிரி தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "பேப்பர்ல வந்ததுலருந்து ஊரே காறித் துப்புதும்மா. இனி வெளிய எங்கயும் விடமாட்டோம். நாங்களே வச்சுப் பாத்துக்குருவோம்" என்று பின்பக்கம் கைகாட்டினார்.

கொட்டத்தில் இரண்டு மாடுகளும் அவளும் இருந்தார்கள். கணுக்காலில் சங்கிலி. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், முகத்தில் துப்பியிருக்கலாம், நான் தாங்கியிருப்பேன். கடைசிப் பத்தியைப் பற்றி, மதுரையைப் பற்றி, விளம்பரத்தைப் பற்றி ஏதேதோ உளறினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த எடத்தத் திரும்பத் தொறந்துட்டாகளா தாயி?"

"இல்லக்கா. மூடுனது மூடுனதுதான்."

அண்ணனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "நீ எழுதுனா மூடுறாகள்ல? தொறக்கச் சொல்லியும் எழுது தாயி. ஒன்னையக் கும்புடுறேன்."