பின்கட்டடத்துத் தனி வார்டு

இன்று மாலை, தம்பானூரைத் தாண்டியுள்ள ஒரு மருத்துவமனையில் துறைத்தலைவர்கள் கூடிப் படிக்கும் வட்டத்துக்குப் போய்வந்தேன். எல்லா நோயாளிகளையும் சமமாக நடத்தப் பழகுவதற்கான வாசிப்பாம்.

நான் எழுதிய கட்டுரையைத்தான் படித்தார்கள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து முத்துலட்சுமி இதே மருத்துவமனையில் பிரசவ வலியில் அலறியபோது, "பாண்டிங்க இப்படித்தான் கத்தும்" என்று தமிழர்களை இளக்காரமாகச் சொல்லி ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. குழந்தை இறந்தது. இப்போது அவள் மீண்டும் கருவுற்றிருக்கிறாள்.

படித்து முடித்ததும் ஒருவர் கேட்டார்: "டீச்சரே, அவளுக்கு ஹீமோகுளோபின் எத்தனை இருந்துச்சு?"

இன்னொருவர் ரத்த அழுத்தத்தை விசாரித்தார். கட்டுரையைப் படுக்கவைத்துப் பரிசோதித்தார்களே தவிர, அந்த அலறலைப் பற்றி எவரும் பேசவில்லை.

கடைசியில் கண்காணிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இனி தமிழ் ஆளுகளுக்குப் பின்கட்டடத்துல தனி வார்டு. அங்க தாராளமா கத்தலாம், ஒருத்தரும் முகம் சுளிக்க மாட்டாங்க. சரிதானே டீச்சரே?"

"ரத்தப்போக்கு வந்து அவ அங்கேர்ந்து கத்தினா யாருக்குக் கேக்கும் டாக்டர்?" என்றேன்.

"ஒரு மணி வாங்கிக் கொடுத்துடலாம்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். முதல் கட்டிலை முத்துலட்சுமிக்கு என்று அங்கேயே ஒதுக்கியும்விட்டார்கள்.

அடுத்த வாசிப்பு முதியோரைப் பற்றியதாம். வயதான எனக்கும் அங்கேதான் வைத்தியம்.

எங்கள் இருவருக்கும் ஏற்ற வேறு மருத்துவமனை தெரிந்தவர்கள், அதுவரை காத்திராமல் கீழே எழுதுங்கள். இதுவரை எதையும் கூடிப் படிக்காத மருத்துவர்களாக இருந்தால் உத்தமம்.